பழவேசம் போட்ட கொசுறு

சண்டை போடப் போன இடத்தில் சீடராகிப் போனவர் பழவேசம்.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் அவருக்கு ஒரு மெத்தைக் கடை. பதினோரு வயதில் பஞ்சு மூட்டை தூக்க வந்தவர், இருபது வருஷத்தில் அந்தக் கடைக்கே முதலாளியானார். பள்ளிக்கூடத்தில் படித்தது அஞ்சாம் வகுப்பு. மிச்சமெல்லாம் அடிபட்டுப் படித்தது. அவரோடு விலை பேச உட்கார்ந்தவன் எழுந்திருக்கும்போது இடுப்பு வேட்டி மட்டும்தான் அவனுக்கு மிஞ்சும் என்று ஊரில் சொல்வார்கள். கோபம் மற்றவர்களுக்கு மூக்கு நுனியில் இருக்கும். அவருக்கு அதற்கும் ஒரு சாண் முன்னால்.

கடைக்குப் பின்னால் உப்பு மூட்டை அடுக்கி வைக்கும் பழைய கிட்டங்கி ஒன்று இருந்தது. வெளிநாட்டில் ஆராய்ச்சி முடித்துத் திரும்பிய ரொசாலி அதைப் பிடித்து ஆய்வுக்கூடம் போட்டிருந்தார். முப்பத்துநாலு வயது. உள்ளே ஒரு மோட்டார் இரவும் பகலும் உறுமிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் கடைக்குக் கேட்டது. வாடிக்கையாளர் சொல்லும் விலை பழவேசத்தின் காதில் விழவில்லை. ஒருநாள் மத்தியானம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார்.

"ஏம்மா, இந்த மெசினை நிறுத்துதியளா, இல்ல ஒயரை நான் பிடுங்கவா?"

ரொசாலி உதட்டில் விரலை வைத்து மேசையைக் காட்டினார். அங்கே செங்குத்தாக ஒரு கோழி இறகு. அதன் நுனியில் ஓர் இட்லி அளவுக்குக் கறுப்பாக ஒரு கட்டி உட்கார்ந்திருந்தது. இறகு வளையவே இல்லை.

பழவேசம் குனிந்து பார்த்தார். கட்டி பறந்துபோய்ச் சுவரோரம் விழுந்தது.

"உங்க மூச்சுலயே போயிட்டு அண்ணாச்சி."

"எடை என்ன?"

"ஒரு ஏலக்காய் இருக்கும்."

"இதுல சரக்கு எம்புட்டு?"

"நூத்துல ஒண்ணு. மிச்சம் தொண்ணூத்தொம்பதும் காத்து."

"காத்தையா விக்கப் போறிய?"

"ஆமா."

பழவேசம் அந்தக் கட்டியை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். வாழ்நாள் முழுக்கப் பஞ்சைத் தொட்ட கை அது. கையில் ஒன்று இருப்பதே அந்தக் கைக்குத் தெரியவில்லை.

"எனக்குச் சொல்லித் தாங்க டீச்சர்" என்றார்.

அன்றைக்குத் தொடங்கியது.

வேலை இதுதான். கார்பன் நானோகுழாய் என்று ஒரு கறுப்புத் தூள். ஒவ்வொன்றும் ஒரு குழாய். ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் ஆயிரக்கணக்கில் அடுக்கலாம். மூச்சில் போய்விடக் கூடாது என்பதால் கண்ணாடிப் பெட்டிக்குள் கையுறை வழியாகக் கைவிட்டு அளக்க வேண்டும். பசை கலந்த தண்ணீரில் போட்டு அதிரவிட்டால் மை போல் ஆகும். அச்சில் ஊற்றினால் கடல்பாசி இனிப்பு மாதிரி இறுகும். அதை ஐஸாக உறையவைத்து, அந்த மோட்டார் காற்றை உறிஞ்சி எடுக்கும் கலத்துக்குள் மூன்று நாள் வைக்க வேண்டும். ஐஸ் தண்ணீராகாமலே ஆவியாகப் பறந்துவிடும். அது இருந்த இடம் அப்படியே நிற்கும். சுற்றிலும் கரிக்குழாய் வலை. ஏரோஜெல் என்று பேர். பழவேசம் வாயில் அது 'ஏரோசெல்லு.'

"தண்ணியாவே வடிஞ்சு போனா என்னவாம்?" என்று கேட்டார் பழவேசம்.

"போற தண்ணி சும்மா போகாது. சுவரையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போகும்."

படகு எஞ்சின்களிலிருந்து கடலில் கசிகிற எண்ணெயை உறிஞ்சி எடுக்கத்தான் ரொசாலி இதைச் செய்துகொண்டிருந்தார். நாலு மாசம் கூடவே நின்று பழவேசம் ஒன்பது துண்டு செய்தார். ஒன்று நார்த்தங்காய் வற்றல் மாதிரி சுருங்கியது. ஒன்று தொட்டதும் விரிசல் விட்டது. ஒன்று கருப்பட்டி மாதிரி கனத்தது. ஒவ்வொரு தடவையும் அவர் மோட்டாரைத் திட்டினார், கரண்டைத் திட்டினார், கலத்தைச் செய்த கம்பெனிக்காரனின் ஏழு தலைமுறையைத் திட்டினார். ரொசாலி ஒன்றையும் தூக்கி எறியவில்லை. தேதி ஒட்டி அலமாரியில் வரிசையாக வைத்தார்.

பத்தாவது துண்டைத் திறக்க வேண்டிய நாள் அன்று பழவேசம் கையில் ஒரு பொட்டலத்தோடு வந்தார்.

"என்ன அண்ணாச்சி, ஹோட்டல் சாப்பாடு? மதினி சோறு குடுத்து விடலையா?"

"உங்க மதினி அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. உடன்குடிக்கு."

"விசேஷமா?"

"கோவம்."

"யாருக்கு?"

"அவளுக்கு டீச்சர், அவளுக்கு! முப்பது வருஷமா எங்க வீட்டுல கோவப்படுதது நான் ஒருத்தன்தான். இப்ப அவ புதுசா ஆரம்பிச்சிருக்கா."

ரொசாலி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "எத்தனை நாளாச்சு?"

"பன்னெண்டு. நான் சும்மா இருக்கலியே. மொத நாளே ரெண்டு கிலோ அல்வா குடுத்து விட்டேன். திரும்பி வந்துச்சு. சரி, நம்ம கேட்ட விலை படியல போலன்னு ஒரு பட்டுச்சேலை. அதும் வந்துச்சு. வெள்ளிக் கொலுசு. வந்துச்சு. நம்ம கடையிலயே பெரிய மெத்தை ஒண்ணை டெம்போவுல ஏத்தி விட்டேன். அதே டெம்போவுல வந்துச்சு. நேத்து ஒரு ஃப்ரிட்ஜு."

"ஃப்ரிட்ஜுமா வந்துச்சு?"

"உள்ள ரெண்டு தேங்கா வச்சு அனுப்பிருக்கா. பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாதாம்லா!"

ரொசாலியால் இந்தத் தடவை அடக்க முடியவில்லை. பழவேசம் முறைத்தார்.

"மதினி என்னதான் சொல்லுதாங்க?"

"'எனக்கு ஒண்ணும் வேண்டாம்'னு சொல்லுதா. ஒண்ணும் வேண்டாம்னா அதுக்கு நான் எங்க டீச்சர் போய் விலை பேச?"

"எதுல ஆரம்பிச்சது?"

பழவேசம் பொட்டலத்தை மேசையில் வைத்தார். பிரிக்கவில்லை.

"ஒண்ணுமில்ல. கடையில லாரிக்காரன்கூட வாடகை பேசிக்கிட்டு நிக்கேன். நல்ல சூடு. என்னைக்கும் கடைப்பக்கம் வராதவ, அன்னைக்கு வந்து நிக்கா. 'ஏங்க, நான் ஒண்ணு'ன்னா. 'தெரியும், உங்க அண்ணன் மவளுக்குச் சீரு, செஞ்சிருவோம்'னேன். 'அது இல்ல'ன்னா. 'அப்ப முட்டு வலி. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம்.' அதும் இல்லையாம். 'பின்ன என்னட்டி வேணும், சேலையா, நகையா, கடையை எழுதித் தரவா'ன்னு கேட்டேன். லாரிக்காரன் பல்லைக் காட்டிட்டான். அவ என்னையே பாத்தா. 'முப்பது வருஷத்துல ஒரு பேச்சை என்னைய முடிக்க விட்டிருக்கியளா'ன்னு கேட்டா. போயிட்டா."

"என்ன சொல்ல வந்தாங்க?"

"தெரிஞ்சாத்தான் வாங்கிக் குடுத்திருப்பேனே!" அவர் குரல் உயர்ந்தது. உயர்ந்த வேகத்தில் உடைந்தது. "ஞாயித்துக்கிழமை அவ துணிமணியை எடுத்துட்டுப் போக அண்ணன்காரன் வாரானாம். இனிமே அங்கேயே இருந்துக்கிடுதாளாம். நீங்க படிச்சவங்க டீச்சர். நீங்க சொல்லுங்க. நான் இன்னும் என்னத்தைக் குடுக்கணும்?"

ரொசாலி கலத்தின் பக்கம் நடந்தார்.

"பத்தாவதைத் திறப்போமா?"

"குடும்பம் போவுதுங்கேன். துண்டைத் திறப்போம்ங்கிய!"

"திறங்க அண்ணாச்சி."

முணுமுணுத்துக்கொண்டே போய் மோட்டாரை நிறுத்தினார். வால்வைத் திருகித் திறந்து மெதுவாகக் காற்றை உள்ளே விட்டார். மூடியைத் தூக்கினார்.

உள்ளே கிடந்தது பத்திலேயே மோசமானது. பாதியாகச் சுருங்கி, நடுவில் கட்டி தட்டி, ஓரமெல்லாம் பொரிந்து போயிருந்தது.

"சொன்னேன்லா! இந்த மெசின் விளங்காது. வித்தவன் உங்க தலையில கட்டிட்டான். அவன் நம்பரைக் குடுங்க, நான் பேசுதேன்."

"தூள் எவ்வளவு போட்டீங்க?"

"நீங்க எழுதி ஒட்டி வச்ச அளவுதான்."

ரொசாலி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அரை நிமிஷம் போயிருக்கும். விலை பேசும்போது அரை நாள் எதிராளியின் கண்ணைப் பார்த்து உட்கார்ந்திருக்கக்கூடிய பழவேசத்துக்கு அந்த அரை நிமிஷத்தைத் தாங்க முடியவில்லை.

"அதுக்கு மேல ஒரு சிட்டிகை" என்றார்.

"ஏன்?"

"அளந்ததை மட்டும் போட்டா எனக்குக் கை கூசுது டீச்சர்."

பழவேசம் கடையில் ஒரு வழக்கம் உண்டு. விலையில் அவர் ஒரு ரூபாய் விடமாட்டார். ஆனால் எடை போட்ட பஞ்சை முழுக்க அடைத்து, மெத்தையின் வாயைத் தைக்கும் முன், வாங்குகிறவர் கண்ணெதிரே இன்னொரு பிடிப் பஞ்சை எடுத்து உள்ளே திணிப்பார். எடையில் சேராத கொசுறு. மூட்டை தூக்கிய காலத்தில் அவருக்கு யாரும் எதையும் கூடப் போட்டதில்லை. அதனால் முதலாளியான அன்றே அந்தப் பிடியைத் தொடங்கினார். அந்தப் பிடிக்காகவே திருச்செந்தூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

"பத்துலயுமா போட்டீங்க?"

"பத்துலயும்தான்."

"ஒரே சிட்டிகையா?"

பழவேசம் தரையைப் பார்த்தார். "மொதல்ல ஒண்ணு. அது கெட்டுதா, சரி, போதலன்னு நெனச்சேன். அடுத்ததுல ரெண்டு. அதும் கெட்டுது. இதுல... ஒரு ஏழெட்டு இருக்கும்."

ரொசாலி திட்டுவார் என்று எதிர்பார்த்து அவர் பதிலடிக்கு ஆயத்தமாக நின்றார். ரொசாலி நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"நாலு மாசமா அந்த மோட்டாரை நீங்க திட்டின திட்டு! நானும் அதை ரெண்டு தடவை கழட்டி மாட்டிட்டேன் அண்ணாச்சி."

"நல்லது செய்யத்தான போட்டேன்."

"தெரியும். தெரியும்."

ரொசாலி எழுந்துபோய் இரண்டு தாம்பாளங்களில் தண்ணீர் ஊற்றினார். படகு எஞ்சினிலிருந்து வடித்து வைத்திருந்த கறுத்த எண்ணெயை இரண்டிலும் ஒரே அளவு விட்டார். எண்ணெய் மேலே படர்ந்து வானவில் காட்டியது. ஒன்றில், தான் செய்த துண்டைப் போட்டார். இன்னொன்றில் பழவேசத்தின் பத்தாவதை.

"ரெண்டும் குடிச்சு முடிக்கிற வரைக்கும் நீங்க பேசக் கூடாது."

"எம்புட்டு நேரம் ஆ..."

"பேசக் கூடாது."

பழவேசம் வாயை மூடினார். கொஞ்ச நேரத்தில் திறந்தார். ரொசாலி விரலைத் தூக்கினார். மூடினார். தாம்பாளத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். தன் துண்டின் பக்கம் நின்று அதை ஒரு தள்ளு தள்ளிவிடக் கையை நீட்டினார். ரொசாலி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார். அதற்குப் பிறகு கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார், கிணற்றில் வாளியைத் தவறவிட்டவர் மாதிரி.

ரொசாலியின் துண்டு அசையாமல் மிதந்தது. அதைச் சுற்றி எண்ணெய் மெல்ல மெல்ல உள்ளே நகர்ந்தது. யாரும் இழுக்கவில்லை. வானவில் ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் அந்தக் கறுப்புக்குள் போய் மறைந்தது. தாம்பாளத்தில் தண்ணீர் மட்டும் நின்றது.

பழவேசத்தின் துண்டு மேல்தோலில் கொஞ்சம் நனைந்தது. ஓரத்திலிருந்து பொடியை உதிர்த்தது. எண்ணெய் போட்டபடியே கிடந்தது.

"இப்பப் பேசலாம்" என்றார் ரொசாலி.

பழவேசம் தன் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"உங்களுதுல தூளு எம்புட்டு?"

"உங்களுதுல பாதிகூட இல்ல."

"அப்ப அதுல எது டீச்சர் இம்புட்டையும் குடிக்குது?"

"நான் போடாம விட்டது."

வெளியே ஒரு கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. சாதாரணமாக அந்தச் சத்தத்துக்குப் பழவேசம் வாசல்வரை போய் நாலு வார்த்தை திட்டிவிட்டு வருவார். இன்றைக்குப் போகவில்லை. ஹோட்டல் பொட்டலத்தை எடுத்து ரொசாலியின் பக்கம் தள்ளினார்.

"நீங்க சாப்பிடுங்க. நான் உடன்குடிக்குப் போயிட்டு வாரேன்."

"போயிட்டு வாங்க."

"என்ன கொண்டு போவட்டும்?"

"பஸ்ஸுக்குச் சில்லறை."

"வெறுங்கையோடயா?"

ரொசாலி பொட்டலத்தைப் பிரித்தார். "ரசம் நல்லா இருக்கும்போல."

பழவேசம் வாசலில் திரும்பினார். "அவ பேச ஆரம்பிச்சுட்டுப் பாதியில நிறுத்துவா டீச்சர். அவ பழக்கம் அது."

"நிறுத்தட்டும்."

"நிறுத்தினா எம்புட்டு நேரம்தான் பாத்துக்கிட்டு இருக்க?"

"கலத்துக்குள்ள எத்தனை நாள் வைக்கோம்?"

"மூணு நாளு."

"நடுவுல திறந்தா?"

பழவேசம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

திருச்செந்தூரில் பஸ் மாற வேண்டும். அங்கே பூக்கடையைப் பார்த்ததும் அவர் கால் தானாக நின்றது. நாலு முழம் கேட்டார். விலை கேட்டார். பேசிப் பேசி முழத்துக்கு அஞ்சு ரூபாய் குறைத்தார். பூக்காரி அலுத்துப்போய் அளந்து, வாழையிலையில் கட்டி நீட்டினாள். பழவேசம் அந்தப் பூக்கட்டைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். "வேண்டாம் தாயி" என்று சொல்லிவிட்டு நடந்தார். பூக்காரி திட்டியது உடன்குடி பஸ் கிளம்புகிற வரைக்கும் காதில் விழுந்தது. ஒன்றுக்கும் அவர் பதில் சொல்லவில்லை. சொல்லக்கூடிய பதில் மூன்று அவரிடம் இருந்தது.

மனைவியின் அண்ணன் தவமணி வாசலில் நின்றிருந்தார். பழவேசத்தின் கையைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் தெருவையும் எட்டிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, டெம்போ பின்னால வருதா?"

பழவேசத்தின் மூக்கு விடைத்தது. "இல்ல மச்சான்" என்றார்.

தவமணி அவரை இன்னொரு தரம் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "புறவாசல்ல இருக்கா" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிப் போனார்.

புறவாசலில் அவர் மனைவி ராஜகனி பனைநார்க் கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். வாங்க என்று சொல்லவில்லை. கட்டிலின் அந்த ஓரத்திலிருந்து முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்த ஓரத்தில் பழவேசம் உட்கார்ந்தார்.

கீரைக் காம்பு ஒடிகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அன்னைக்கு..." என்று தொடங்கி ராஜகனி நிறுத்தினாள்.

பழவேசத்தின் நாக்கில் நாலு பதில் வந்து நின்றது. அந்த லாரிக்காரனை இனிமே கடைக்குள்ளேயே விடமாட்டேன். தப்பு என்னுதுதான். முட்டு வலிக்கு மதுரையில நல்ல டாக்டர் இருக்காரு. வீட்டுக்கு வா, எல்லாம் பேசிக்குவோம். நாலையும் சேர்த்துப் பல்லுக்குள் பிடித்தார். நெற்றியில் வியர்த்தது.

ராஜகனி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், தப்பாமல் வருகிற பஸ்ஸுக்கு நிற்பவள் மாதிரி. வரவில்லை. அவள் குனிந்து இன்னொரு கொத்தை எடுத்தாள். அதை உருவி முடித்தாள். இன்னொன்றையும் உருவினாள். பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர் நின்றது.

"அன்னைக்குக் கடைக்கு வந்தேன்லா" என்றாள். குரல் முறத்தைப் பார்த்து வந்தது. "எனக்கு ஒண்ணும் வேண்டியிருக்கல. காலைல நீங்க சாப்பிட்டுட்டுப் போன தட்டைக் கழுவிக்கிட்டு நின்னேன். என்னமோ தெரியல, உங்களைப் பாக்கணும்போல இருந்துச்சு. இந்த வயசுல இது என்ன கூத்துன்னு எனக்கே சிரிப்பு. ஆட்டோ பிடிச்சு வந்துட்டேன். 'ஏங்க, நான் ஒண்ணுத்துக்கும் வரல, சும்மா உங்களைப் பாக்கத்தான் வந்தேன்'னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன்."

நாற்பது வருஷ வியாபாரத்தில் பழவேசம் கடைக்கு ஒன்றும் வாங்காமல், ஒன்றும் விற்காமல், ஒன்றும் கேட்காமல் வந்த ஆள் கிடையாது. அப்படி ஒருத்தி வந்திருக்கிறாள். அவளிடம் அவர் மூன்று விலை சொல்லியிருக்கிறார்.

அவருக்குக் கண் எரிந்தது. தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்தபின்னும் துண்டை எடுக்கவில்லை.

ராஜகனி முறத்தைக் கீழே வைத்தாள்.

"என்ன, வாயைத் திறக்க மாட்டேங்கிய? மேலுக்குச் சரியில்லையா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு அண்ணன் வீட்டுக்கு வந்த பன்னிரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"நாளைக்குக் காலைல மொத பஸ்ஸுக்குப் போவோம். இன்னைக்கு வேண்டாம். எனக்கு இன்னும் பேச்சு இருக்கு."

பழவேசம் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மேலே எடுத்துக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.